கோயிலுக்குக் கேமரா வைக்கும் முன்

கிராமத்துக் கோயில் ஒன்றின் தர்மகர்த்தாக்களும் ஊர்ப் பெரியவர்களும் முன்மண்டபத்தில் கூடி, பக்கத்து ஊரில் உண்டியல் உடைபட்ட செய்தியைப் பேசி விசனப்பட்டு, நம் கோயிலுக்கும் கேமரா வைத்துவிட வேண்டியதுதான் என்று ஏகமனதாகத் தீர்மானித்த மறுகணமே அங்கே எழுகிற கேள்வி, எத்தனை கேமரா என்பதாகத்தான் இருக்கும். வெளிநாட்டில் உத்தியோகம் பார்க்கும் ஊர்க்காரர் ஒருவர் உபயமாகப் பணம் அனுப்பச் சம்மதிக்கிறார், டவுனிலிருந்து வந்த கடைக்காரர் பிராகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “எட்டுக் கேமரா போதும் சார், நாலு மெகாபிக்சல், ரெண்டு டி.பி. ஹார்டு டிஸ்க், ஒரு மாசம் ரெக்கார்டிங் நிக்கும்” என்று நின்றபடியே ஒரு தொகையும் சொல்லிவிடுகிறார், அடுத்த பிரதோஷத்துக்குள் வேலை முடிந்து, கோபுர வாசலில் கண்காணிப்புப் பலகையும் தொங்கிவிடுகிறது. ஊர் நிம்மதியாக உறங்கப் போகிறது.

அந்த நிம்மதி நியாயமானதுதானா என்று விசாரிப்பதே இக்கட்டுரையின் உத்தேசம். கேமராவின் எண்ணிக்கையும் மெகாபிக்சலும் விலையும் யோசனையின் முடிவில் தாமாகவே வந்து சேர வேண்டிய விடைகள். அவற்றிலிருந்து யோசனையைத் தொடங்குகிறவர் கடைக்காரரின் யோசனையைத்தான் தம்முடையதாக ஏற்றுக்கொள்கிறார். முதலில் தீர்மானிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. ஓர் அசம்பாவிதம் நேர்ந்தால், அது நேர்ந்தது என்பதே எத்தனை நாளைக்குப் பிறகு தெரிய வரும்? தெரிய வந்த அன்று, அந்தப் படம் யாரிடம் எதை நிரூபிக்க வேண்டியிருக்கும்? இரண்டாவதையாவது சிலர் கேட்கிறார்கள். முதலாவதைக் கேட்பவர் மிக அபூர்வம்.

அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்றோர் ஊர். அங்குள்ள பிரகதீசுவரர் கோயிலில் சோழர் காலத்து நடராஜர் முதலிய உலோகத் திருமேனிகள் இருந்தன. வழிபாடு குன்றிப் பூட்டிக் கிடந்த அக்கோயிலிலிருந்து 2006 வாக்கில் அவை களவாடப்பட்டன. களவு போயின என்பது வெளிப்பட்டதோ 2008-இல். அதே 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அந்த நடராஜரை நியூயார்க் வியாபாரி ஒருவரிடமிருந்து ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமர் டோனி அபாட் இந்தியா வந்தபோதுதான் சுவாமி திரும்பி வந்தார். எல்லாரும் அறிந்த இந்தக் கதையில் கேமராவைப் பற்றி யோசிப்பவர் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. அக்காலத்தில் அந்தக் கோயிலில் இன்றைய எட்டுக் கேமராவும் இருந்து, அவை கள்வர்களின் முகங்களைத் தெளிவாகவே பிடித்து, முப்பது நாளுக்கான பதிவும் குறைவின்றி நின்றிருந்தாலும், களவு வெளிப்பட்ட தினத்துக்குள் அந்தப் பதிவின் மேல் புதுப் பதிவு இருபது தடவைக்கும் மேல் எழுதப்பட்டு, அன்றைய படங்கள் அடியோடு அழிந்தே போயிருக்கும். போலீஸார் வந்து பார்க்கும்போது ஹார்டு டிஸ்க்கில் எஞ்சியிருப்பது, பூட்டிய மண்டபத்தில் வௌவால் பறக்கும் காட்சி மட்டுமே.

ஆகவே பதிவு எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பது, களவு எத்தனை நாளில் கண்ணில் படும் என்பதைப் பொறுத்தது. ஆறு கால பூஜை நடக்கிற பெரிய கோயிலில் ஓர் உற்சவமூர்த்தி காணாமற்போனால் அடுத்த காலத்திலேயே தெரிந்துவிடும். அங்கே பதினைந்து நாள் பதிவும் தாராளம். ஒரு கால பூஜையும் தட்டுத்தடுமாறி நடக்கிற கோயிலில், குருக்கள் மூலஸ்தானத்துக்கு விளக்கேற்றிவிட்டு அடுத்த ஊர்க் கோயிலுக்கு சைக்கிளை எடுக்கிற அவசரத்தில், அர்த்தமண்டபத்து இரும்புப் பெட்டியையோ, வாகன அறையின் பூட்டையோ மாதக்கணக்கில் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார். இந்த இடைவெளியைச் சரிக்கட்ட இரண்டு மார்க்கம் உண்டு. பதிவின் நாளை நீட்டிக்கொண்டே போவது ஒன்று. களவு கண்ணில் படும் நாளைக் குறுக்குவது மற்றொன்று. முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும், வாரத்துக்கொரு முறை இரண்டு பேராகச் சேர்ந்து திருமேனிகளை எண்ணிக் கையெழுத்திடுகிற பழக்கமும் போதும். கேமராவைப் பற்றிய கட்டுரையில் நோட்டுப் புத்தகத்துக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். அந்தப் பழக்கம் இல்லாத கோயிலில் கேமராவுக்கே அதிக வேலை இல்லை என்பதுதான் நம்முடைய அபிப்பிராயம்.

இதையொட்டியே இன்னொன்றையும் சொல்லிவிடலாம். களவுபோன திருமேனிகள் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு உரியவையே என்று வெளிநாடுகளில் நிலைநாட்டுவதற்குப் பேருதவி புரிந்தவை, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் பல்லாண்டுகளுக்கு முன்பே கோயில் கோயிலாகச் சென்று எடுத்து வைத்திருந்த சாதாரணக் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். களவைப் பிடித்தவை அல்ல அவை. களவுக்கு முன்னால், பகல் வெளிச்சத்தில், நிதானமாக எடுக்கப்பட்டவை. ஒவ்வொரு திருமேனியையும் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படமெடுத்து, உயரத்தையும் பீடத்திலுள்ள எழுத்தையும் தேய்ந்த விரலையும் ஒடிந்த பிரபையையும் குறித்து, ஒரு பிரதியைக் கோயிலுக்கு வெளியே பத்திரப்படுத்துவது, எட்டுக் கேமராவுக்கு ஆகிற செலவில் சிறு பங்கே ஆகிற காரியம். அதைச் செய்யாமல் கேமராவுக்குப் போவது முறையன்று. அதோடு, காவலுக்கு ஆளற்ற கோயிலின் விலைமதிப்பற்ற திருமேனிகளை அறநிலையத் துறையின் பாதுகாப்பு மையத்துக்கு அனுப்பிவிட்டு, விசேஷ தினங்களில் மட்டும் கொண்டுவந்து எழுந்தருளச் செய்யும் ஏற்பாடும் இருக்கிறது. திருவாரூர்த் தியாகராஜர் கோயிலில் உள்ள மையத்தில் இவ்விதம் பல ஊர்த் தெய்வங்கள் தங்கியிருக்கின்றன. சுவாமியை ஊரைவிட்டு அனுப்ப மனம் ஒப்பாதது இயல்பே. ஆனால் அந்த முடிவை எடுத்த பிறகுதான் கோயிலில் மிஞ்சி நிற்பது எது, அதற்கு எவ்வளவு காவல் வேண்டும் என்ற கணக்கைப் போட முடியும்.

பதிவு நிற்கும் நாளைப் பற்றிய அலட்சியம் எவ்வளவு பாரதூரமானது என்பதற்குக் கோயிலுக்கு வெளியே ஓர் உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் சிறைக்காவலில் இறந்தபோது, உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்படி விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட், அந்நிலையத்தின் கேமராப் பதிவுகளையும் பரிசோதித்தார். ஹார்டு டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவுகள் தினந்தோறும் தாமாகவே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்ததாக அவருடைய அறிக்கை சொல்லிற்று. கேமராவும் கம்பியும் டிஸ்க்கும் யாவும் இருந்தன. இல்லாதது அன்றைய படம் ஒன்றே. அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, பஞ்சாபிலிருந்து வந்த பரம்வீர் சிங் சைனி வழக்கில் சுப்ரீம் கோர்ட், நாட்டின் போலீஸ் நிலையங்கள் அனைத்திலும் கேமரா வைக்க வேண்டும் என்றும், பதிவுகள் 18 மாதம் காக்கப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது. எத்தனை கேமரா என்பதோடு எத்தனை மாதம் என்பதையும் நீதிபதிகள் எழுதி வைக்க வேண்டியிருந்ததைத் தர்மகர்த்தாக்கள் யோசித்துப் பார்ப்பது நல்லது.

இனி, கடைக்காரர் சொன்ன ‘ஒரு மாசத்தை’ப் பரிசீலிப்போம். கணக்கு எளிது. நான்கு மெகாபிக்சல் கேமரா ஒன்று, படத்தைச் சுருக்கும் பழைய எச்.264 முறையில், நொடிக்கு நான்கு மெகாபிட் வீதம் அனுப்புவதாக வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 43 ஜி.பி. சேரும், எட்டுக் கேமராவுக்கு 345 ஜி.பி.; இரண்டு டி.பி. டிஸ்க் ஆறாவது நாள் முடிவதற்குள் நிரம்பிவிடும். புதிய எச்.265 முறையில் அந்த வீதம் பாதியாகக் குறைவதாகக் கொண்டாலும் பன்னிரண்டாம் நாளைத் தாண்டுவது சந்தேகம். அந்த முறையிலேயே முப்பது நாள் வேண்டுமானால் ஐந்து டி.பி.க்கு மேல், அதாவது கடையில் கிடைக்கிற அளவில் ஆறு டி.பி. வாங்க வேண்டும். கடைக்காரர் பொய் சொன்னார் என்பதில்லை. அசைவு தெரியும்போது மட்டும் பதிவாகும்படி அமைத்து, படத்தின் தரத்தையும் ஓரளவு குறைத்துவிட்டால் அவர் சொன்ன மாசம் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் ஆலமரம் அசைகிற பிராகாரத்தில், நாயும் பூனையும் உலாவுகிற கோயிலில், அசைவில்லாத நேரம் எவ்வளவு என்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. எந்த வீதத்தில், எந்த முறையில், எத்தனை நாள் என்று மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, மாட்டி முடித்த முப்பத்தோராம் நாள் முதல் நாளின் படத்தைப் போட்டுக் காட்டச் சொல்லி, அதன் பிறகு கடைசித் தவணையைக் கொடுப்பதே உசிதம். டிஸ்க்கும் இரவு பகலாக எழுதிக்கொண்டிருப்பதற்கென்றே தயாரிக்கப்படும் ஜாதியாக இருக்க வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் போடுகிற டிஸ்க் இந்த உழைப்புக்குத் தாங்காது.

அடுத்தது, படம் எதை நிரூபிக்க வேண்டும் என்பது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஏற்பாடுகள் தவறிவிடுகின்றன. கோபுரத்தின் இரண்டாம் நிலையில் ஒரு கேமராவைப் பொருத்திவிட்டால் கோயில் முழுவதும் தெரியுமே என்று தோன்றுவது சகஜம், தெரியவும் செய்யும். ஆனால் ஒரு பொருள் தெரிவதும் ஒரு மனிதனை இன்னார் என்று அடையாளம் காண்பதும் வெவ்வேறு. இதற்குச் சர்வதேச அளவில் ஒரு நியமம் வகுத்திருக்கிறார்கள். காட்சியின் குறுக்கே ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் விழுந்தால் அங்கே ஓர் ஆள் நடமாடுகிறார் என்று சொல்லலாம். 125 விழுந்தால், ஏற்கெனவே பழகியவரை அவர்தான் என்று சொல்லலாம். முன்பின் அறியாத ஒருவரை நீதிமன்றம் ஏற்கும்படி அடையாளம் காட்ட 250 வேண்டும். நான்கு மெகாபிக்சல் கேமராவின் படம் குறுக்கே 2560 பிக்சல் கொண்டது. 250-ஆல் வகுத்தால் பத்து மீட்டர். எனவே அந்தக் கேமரா பத்து மீட்டர் அகலமுள்ள இடத்தைக் காட்டும் வரையில்தான் அந்நியன் முகம் அகப்படும். அதற்குமேல் அகலமான இடத்தைக் காட்டக் காட்ட முகம் கரைந்து உருவமாகிவிடும்.

காட்சி எவ்வளவு அகலம் என்பதை நிர்ணயிப்பது லென்ஸ். கடைகளில் மலிவாகக் கிடைக்கிற பெரும்பாலான கேமராக்களில் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ்தான் இருக்கும்; அது அகன்று பார்ப்பது. அதன் முன் ஐந்தாறு மீட்டருக்குள் வந்தவர் முகம் தெளிவாக விழும். முப்பது மீட்டர் தள்ளி மதில் ஏறிக் குதிப்பவர், மீட்டருக்கு 50 பிக்சல் அளவில், யாரோ ஒருவர் என்ற மட்டில் நிற்பார். 12 மில்லிமீட்டர் லென்ஸ் ஒடுங்கிப் பார்ப்பது. இருபது மீட்டருக்கு அப்பாலும் முகத்தைக் கொடுக்கும், ஆனால் பக்கத்தில் நடப்பது எதையும் அறியாது. ஆகவே எல்லா இடத்துக்கும் ஒரே ஜாதிக் கேமராவை வாங்கி மாட்டுவது சௌகரியமாக இருக்கலாம், புத்திசாலித்தனம் ஆகாது. ஒரு கோயிலுக்குள் வருகிறவர் எவராயினும், எங்கே சுற்றினாலும், கடந்தே தீர வேண்டிய குறுகலான வாயில்கள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். கோபுர வாசலின் திட்டிவாசல், மடைப்பள்ளிப் பின்கதவு, அர்த்தமண்டபத்து நிலைப்படி ஆகிய இவ்விடங்களில் முகத்துக்கென்று ஒரு கேமரா, ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரத்தில், எதிர்ப்படுகிறவர் முகத்தை நேராகச் சந்திக்கும்படி. ஆறு மீட்டர் உயரத்தில் வைத்தால் கிடைப்பது உச்சந்தலையும் துண்டும். பிராகாரத்துக்கு, நடமாட்டத்தை அறிய மட்டும், அகன்ற பார்வையுள்ளவை இரண்டு. எட்டு என்று தொடங்கிய கணக்கு இப்படி ஐந்தில் நின்றாலும் ஆச்சரியமில்லை. மதில் சரிந்து கிடக்கிற கோயிலானால் பத்துக்கும் போகலாம். மதிலைக் கட்டுவது கேமராவைவிட மலிவா என்று அப்போது ஒரு கொத்தனாரையும் கேட்டுப் பார்ப்பது விவேகம்.

இடத்தைத் தீர்மானிக்குமுன் இரவு பதினோரு மணிக்கு ஒரு தடவை கோயிலைச் சுற்றி வர வேண்டும். பகலில் கடைக்காரரோடு சுற்றியவர்களுக்கு, நந்தவனத்து முருங்கைக் கிளை மதிலின் மேல் சாய்ந்திருப்பதும், தேர் முட்டியை ஒட்டி நிற்கும் லாரியின் மேல் ஏறினால் மடைப்பள்ளிக் கூரை எட்டும் என்பதும் புலப்படுவதில்லை. இரவில் இன்னும் சில சங்கதிகள் தெரியும். கேமராவோடு வருகிற இன்ஃப்ரா ரெட் விளக்கு மனிதக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். பெட்டியில் முப்பது மீட்டர் என்று அச்சிட்டிருந்தாலும், அந்தத் தூரத்தில் உருவம்தான் தெரியும், முகம் தெரியாது. கேமராவின் வெப்பத்தை நாடிப் பூச்சிகள் வரும். பூச்சிகளை நாடிப் பல்லி வரும். சிலந்தி லென்ஸின் குறுக்கே வலை கட்டும். அந்த ஒற்றை நூல் இன்ஃப்ரா ரெட்டில் பளபளத்துப் படம் முழுவதையும் மறைத்துவிடும். தூசியோ கையின் எண்ணெயோ படிந்த கண்ணாடி மூடிக்குள் இருக்கும் டோம் கேமராவில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். கண்ணுக்குத் தெரியாத விளக்கைவிட, வாயிலில் இரவெல்லாம் எரிகிற ஒரு சாதாரண எல்.இ.டி. விளக்கு மேலானது என்று நாம் சொல்வோம். கேமராவுக்கு நிறத்தோடு படம் கிடைக்கும், கள்வனுக்குக் கூச்சமும் உண்டாகும்.

பகலிலோ வேறு சங்கடம். இருண்ட மண்டபத்திலிருந்து வாசலைப் பார்க்கும் கேமராவுக்கு, வெளியே வெயில் கொளுத்தும்போது, உள்ளே நுழைகிறவர் கரிய நிழலாகத்தான் விழுவார், டபிள்யூ.டி.ஆர். என்னும் வசதி உள்ள கேமரா இதை ஓரளவு சமன் செய்யும். கற்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் லென்ஸில் படிவதைத் தடுக்க எந்த வசதியும் இல்லை. மாதமொரு முறை துடைக்க ஓர் ஆள் வேண்டும். ஓடுகிற மோட்டார் சைக்கிளின் நம்பரைப் படிக்க விரும்பினால் அதற்கென்றே ஒரு கேமரா வேண்டும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்தில் ஒன்றரை அடி நகர்ந்துவிடுகிறது. இரவில் சாதாரணக் கேமராக்கள் அவ்வளவு நேரம் கண்ணைத் திறந்து வைத்திருப்பவை. அதை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால்தான் எழுத்து நிற்கும். தெருவைப் பார்க்கும் அகன்ற கேமராவே நம்பரையும் பிடித்துவிடும் என்று எவராவது சொன்னால், இரவில் ஒரு வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம்.

இனி வாங்குகிற கேமராவின் ஜாதியைப் பார்ப்போம். படத்தைக் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியே அனுப்புகிற நெட்வொர்க் கேமரா என்பது அப்படியொன்றும் புராதன வஸ்துவல்ல. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர்கள், காபிப் பாத்திரம் காலியா என்று அறிய ஒவ்வொரு முறையும் மாடிப்படி ஏறி இறங்கச் சோம்பி, 1991-இல் அதன்மேல் ஒரு கேமராவைத் திருப்பி வைத்தார்கள். 1993 முதல் 2001 வரை உலகமே இன்டர்நெட்டில் அந்தப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்வீடனின் ஆக்ஸிஸ் கம்பெனி 1996-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் நெட்வொர்க் கேமரா, சிறிய படமாயின் நொடிக்கு ஒன்று, பெரிய படமாயின் பதினேழு நொடிக்கு ஒன்று என்ற வேகத்தில்தான் அனுப்பிற்று. 2008-இல் ஆக்ஸிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து ஆன்விஃப் என்ற பொது ஒழுங்கை ஏற்படுத்தியதால்தான் இன்று ஒரு கம்பெனியின் கேமராவை இன்னொரு கம்பெனியின் ரெக்கார்டரில் இணைக்க முடிகிறது. வாங்குகிற பெட்டியின் மேல் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால், ஐந்தாண்டு கழித்து ஒரே கடைக்காரரையே நம்பியிருக்க நேராது.

கேபிளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கெடுவது பெரும்பாலும் அதுதான். பி.ஓ.இ. சுவிட்ச் ஒன்றிலிருந்து போகிற ஒரே கேபிளில் படமும் வருகிறது, கேமராவுக்கு வேண்டிய மின்சாரமும் போகிறது. ஒவ்வொரு கேமராவுக்கும் தனி மின்சார வயர் இழுக்க வேண்டிய அவஸ்தை ஒழிந்தது. அந்த ஒரே கேபிளுக்கு நூறு மீட்டர்தான் எல்லை. பெரிய கோயிலின் வெளிப் பிராகாரத்துக்கு நடுவில் இன்னொரு சுவிட்ச் வேண்டியிருக்கும். அசல் செம்புக் கம்பியும், அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய கம்பியும் பார்வைக்கு ஒன்றே. மின்னணுச் சாமான் விற்கிற சென்னை ரிச்சி தெருவிலும் இரண்டும் ஒரே கடையில் கிடைக்கும். விலையில்தான் வித்தியாசம் தெரியும். பூசிய கம்பி தூரம் கூடக் கூட மின்சாரத்தை விழுங்கிவிடும். பகலில் வேலை செய்கிற கேமரா, இரவில் இன்ஃப்ரா ரெட் விளக்கு எரியத் தொடங்கியதும் அணைந்து அணைந்து எரிவதற்கு இது ஒரு பிரசித்தமான காரணம். நுனியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெளுத்திருப்பது தெரிந்துவிடும்.

கோபுரமும் விமானமும் இடியை வரவழைக்கிற உயரங்கள். கோபுரத்தின் மேல் கேமராவைக் கொண்டுபோய், அதிலிருந்து இறங்கும் கேபிளை நேராக ரெக்கார்டருக்குள் விடுவது, ஐப்பசி மழையின் முதல் இடிக்கே எல்லாவற்றையும் பலி கொடுப்பதற்குச் சமானம். நல்ல எர்த்தும், சர்ஜ் தடுப்பானும் இல்லாமல் அந்த வேலைக்கு இசையக் கூடாது. ரெக்கார்டருக்கும் சுவிட்ச்சுக்கும் யு.பி.எஸ். வேண்டும், களவு நடக்கிற இரவில் மின்சாரத்தைத் துண்டிப்பது கள்வனின் முதல் வேலையாக இருக்கலாம். ரெக்கார்டரை ஆபீஸ் மேஜைமேல் வைத்திருக்கும் கோயில்களில் கள்வர் அதையும் சேர்த்தே எடுத்துப் போகிறார்கள். பூட்டிய பெட்டியில், கண்ணில் படாத இடத்தில் அது இருக்க வேண்டும். முக்கியமான இரண்டு கேமராக்களுக்குள்ளேயே ஒரு மெமரி கார்டையும் போட்டு வைப்பது நல்லது.

கேபிளைச் சுவரில் கொண்டு செல்வதற்காக டிரில்லை எடுத்து, எண்ணூறு வருஷத்துக் கல்லில், சில வேளை கல்வெட்டின் எழுத்து நடுவிலேயே, ஓட்டை போடுகிறார்கள். இதைப் போன்ற அக்கிரமம் வேறில்லை. கள்வர் எடுத்துச் செல்ல முடியாததை நாமே சேதப்படுத்துவதற்கு எந்தக் கேமரா காவல் இருக்கும்? தனிக் கம்பம் நட்டோ, கல் தூணை இரும்புப் பட்டையால் சுற்றிக் கட்டியோ வேலையை முடிக்கலாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயிலானால் அத்துறையின் அனுமதி இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்கலாகாது.

இன்டர்நெட்டோடு இணைக்கப்படுகிற கேமரா, உலகத்தைப் பார்க்கிற அளவுக்கு உலகமும் அதைப் பார்க்கக்கூடியது. 2016-இல் மிராய் என்ற தீய புரோகிராம், கம்பெனி கொடுத்தபடியே மாற்றப்படாமல் இருந்த பாஸ்வேர்டுகளைக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களுக்குள்ளும் ரெக்கார்டர்களுக்குள்ளும் நுழைந்து, அவற்றையே படையாகத் திரட்டி, அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்காவின் டைன் கம்பெனிமேல் ஏவிற்று. டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலியவை பல மணி நேரம் பலருக்குக் கிடைக்காமற்போயின. தம் கடைக் கேமரா அந்தப் போரில் சிப்பாயாக இருந்தது அதன் சொந்தக்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இந்தியாவில் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட்டே விற்கப்பட வேண்டும் என்று மத்திய அரசு 2024-இல் பிறப்பித்த ஆணை 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சரக்கை மலிவாகத் தள்ளிவிடுகிறவர்களிடம் எச்சரிக்கை தேவை. பாஸ்வேர்டைக் கடைக்காரர் வைத்த ‘அட்மின் 123’ ஆகவே விட்டுவிடாமல் மாற்றி, உறையிலிட்டு ஒட்டித் தர்மகர்த்தாவிடம் ஒப்படைக்க வேண்டும். கேமராக்களை ஆபீஸ் கம்ப்யூட்டரும் வைஃபையும் உள்ள நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். வெளியூரிலிருக்கும் உபயதாரர் மொபைலில் சுவாமி தரிசனம் செய்ய ஆசைப்படுகிறார் என்பதற்காக ரூட்டரில் வழி திறந்து விடுவது ஆபத்து. அந்த ஆசைக்கு இந்தக் கேமராவைப் பயன்படுத்தாதிருப்பதே நலம்.

பார்க்கக் கூடாத இடங்களும் உண்டு. தெப்பக்குளத்துப் படித்துறையில் நீராடிப் புடைவை மாற்றும் பெண்கள், எதிர் வீட்டுத் திண்ணை, அடுத்த வீட்டு முற்றம் இவையெல்லாம் கோயிலின் காவலுக்கு உட்பட்டவை அல்ல. அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். படத்தின் ஒரு பகுதியை நிரந்தரமாக மறைத்துவிடும் வசதி அநேகமாக எல்லாக் கேமராவிலும் இருக்கிறது. மாட்டுகிறவரிடம் சொன்னால் ஐந்து நிமிஷ வேலை. மூலஸ்தானத்துக்குள் கேமரா கூடுமா என்பதை ஆகமம் அறிந்தவர்களும் ஊராரும் பேசி முடிவு செய்யட்டும்; காவலுக்கு அது தேவையில்லை, நிலைப்படியே போதும். ஆபீஸ் சுவரில் பெரிய டி.வி.யை வைத்து, வருகிறவர் போகிறவர் எல்லாரும் வேடிக்கை பார்க்கும்படி படத்தை ஓடவிடும் வழக்கமும் பரவி வருகிறது. யார் எந்த நேரம் யாருடன் வந்தார் என்ற வம்புக்கு அது மிக உபயோகமானது, வேறெதற்கும் இல்லை.

இரவில் பூட்டிய பிறகு அர்த்தமண்டபத்து நிலைப்படியை ஒருவர் கடந்தால் உடனே தெரிவிக்கும்படி அமைத்துக்கொள்வது, ஆறு மாதப் பதிவைவிட உயர்ந்த பாதுகாப்பு. ஆனால் யாருக்குத் தெரிவிப்பது என்ற கேள்வி அப்போது வரும். துபாயிலிருக்கும் உபயதாரரின் மொபைலில் மணி அடித்துப் பயனில்லை. நடந்தே ஐந்து நிமிஷத்தில் வந்து சேரக்கூடிய மூன்று பேர், அவர்களுக்கு உள்ளூர்ப் போலீஸ் நிலையத்தின் நம்பர், வந்ததும் தனியே உள்ளே போகாமல் கூவி ஆள் திரட்டுவது என்ற உடன்பாடு, இவ்வளவும் முன்கூட்டியே வேண்டும். நாயும் பூச்சியும் தினம் ஐம்பது தடவை மணியடித்தால் இரண்டாம் வாரத்திலேயே அந்த மூவரும் மொபைலை ஊமையாக்கிவிடுவார்கள். ஆகையால் எச்சரிக்கையைப் பூட்டிய அறைக்குள் மட்டும் வைத்து, பிராகாரத்தை வெறும் பதிவுக்கு விட்டுவிட வேண்டும்.

கடைசியாக, ஒரு நாள் அந்தப் படம் கோர்ட்டுக்குப் போக நேரிடலாம். 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, கேமராப் பதிவின் நகல் சாட்சியமாக ஏற்கப்பட ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் பதிவுக்குப் பொறுப்பானவரும், மற்றொரு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். நகல் எடுக்கப்பட்டபின் திருத்தப்படவில்லை என்பதைக் காட்டும் ‘ஹாஷ்’ எண்ணையும் குறிக்க வேண்டும். ரெக்கார்டரின் கடிகாரம் நாற்பது நிமிஷம் பின்தங்கியிருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் மொபைல் போன் பதிவை எடுத்து வைத்து, படத்தில் உள்ளவர் அந்த நேரத்தில் கும்பகோணத்தில் இருந்தார் என்று வாதிடுவது எளிது. இன்டர்நெட்டிலிருந்து நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும்படி ஒரு முறை அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை இராது. ஊரில் பொறுப்பானவர் ஒருவர், கடைக்காரரை எதிர்பாராமல், குறிப்பிட்ட தேதியின் பதிவைத் தேடி எடுத்துப் பென் டிரைவில் ஏற்றவும், ரெக்கார்டரின் நேரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறிக்கவும், களவு நடந்த அன்று மேல்பதிவு விழாமல் ரெக்கார்டரை நிறுத்தவும் கற்றிருக்க வேண்டும். பாதிப் பணத்தைக் கொடுக்குமுன் இந்த மூன்றையும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதற்குக் கடைக்காரர் எவரும் ஆட்சேபிப்பதில்லை. யாரும் கேட்பதில்லை, அவ்வளவே.